நாற்காலி போடாத வீடு

ஆறுமுகநயினார் பீடியை விட்ட வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு, முப்பத்தோரு வருஷமாக அவர் நெஞ்சுக்குள் குடியிருந்த பீடி ஆசை, இனி உள்ளே இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, மெதுவாக இறங்கி வெளியே வந்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சாம்பல் நிற அரைக்கைச் சட்டை போட்ட ஒரு ஆளாக நின்றது. பாத்திரம் கழுவ வந்த அவர் மனைவி பிரமசக்திதான் முதலில் பார்த்தாள்.

“அண்ணாச்சி இருக்காவளா மதினி?” என்று அந்த ஆள் கேட்டார்.

எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம், துட்டி கேட்கப் போன இழவு வீட்டில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம். புருஷன் வழியில் ஏதோ தூரத்துச் சொந்தம், பெயர் மறந்துபோச்சு, கேட்டால் மரியாதையாக இருக்காது என்று பிரமசக்தி நினைத்தாள். அவளுக்கு எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. இந்நேரத்தில் வந்திருக்காரே, யாருக்காவது ஒண்ணு ஆகிப்போச்சோ, முன்வாசல் தெளிக்காமல் கிடப்பதைப் பார்த்து முகம் சுளித்துத்தான் கொல்லை வழியாகச் சுற்றி வந்தாரோ, வீட்டில் பால் ஒரு டம்ளர்தானே இருக்கு என்று மூன்று கவலையை ஒரே மூச்சில் பட்டு முடித்துவிட்டு, நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

“இருக்காவ. உக்காருங்க, காப்பி போடுதேன்.”

நயினார் நொண்டி நொண்டி வந்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கு வாய் உலர்ந்தது. வலது கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவியது. பையில் ஒன்றும் இல்லை.

“யாருங்க இவுக, தெரிஞ்சவுகளா?” என்று பிரமசக்தி காதோடு கேட்டாள்.

“நல்லாக் கேட்ட. பதினெட்டு வயசுலேருந்து நாந்தாம்ட்டி இவனச் சொமந்துக்கிட்டுத் திரியுதேன். இது என் பீடி.”

“பீடின்னா?”

“பீடி ஆசை. நேத்து வரைக்கும் உள்ள கெடந்துச்சு. இன்னைக்கு எறங்கி நிக்கி.”

பிரமசக்தி வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். வந்தவர் இரண்டு முழங்காலிலும் கையை வைத்துக்கொண்டு, பெண் கேட்டு வந்தவர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

“சீனி எத்தனை கரண்டி?” என்று கேட்டாள்.

“ரெண்டு போதும் மதினி.”

நயினார் மினி பஸ் டிரைவர். சாத்தன்கரைக்கும் மேலப்புளியடிக்கும் நடுவே, முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் உள்ளே ஓயாத பாட்டுமாக ஓடுகிற ‘ஸ்ரீ பேச்சியம்மன்’ பஸ் பதினாறு வருஷமாக அவர் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால் அவர் இடது காலில் இருந்தது, கிளட்சை மிதிப்பது அந்தக் கால்தானே. மாசி மாதம் அந்தக் காலின் சுண்டுவிரல் கறுத்தது. பீடி குடித்துக் குடித்து ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லி, விரலை எடுத்தார். எடுத்த பிறகும் நயினார் ஆஸ்பத்திரிக் கக்கூஸுக்குள் நின்று பீடி குடித்தார். பக்கத்து விரலின் நுனியிலும் நீலம் படரத் தொடங்கியபோது, டாக்டர் திட்டவில்லை, சத்தம் போடவில்லை, பேனாவை எடுத்து, அடுத்து வெட்டுவது இந்த இடம், அதற்கடுத்து இந்த இடம், அதற்கும் அடுத்து இந்த இடம் என்று பாதத்தில் ஒன்று, கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழ் ஒன்று, துணியில் டெய்லர் போடுகிற மாதிரி மூன்று கோடு போட்டு அனுப்பினார். எத்தனை சோப்புப் போட்டும் அந்த மை நாலு நாள் போகவில்லை. நாலாம் நாள்தான் வியாழக்கிழமை.

அன்றிலிருந்து பிரமசக்தி தினமும் விடிந்ததும் புருஷனின் அந்த நாலாவது விரலைப் பிடித்து அமுக்கி, விட்டபிறகு ரத்தம் திரும்புகிறதா, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது, நேற்றைவிட நீலமா, இல்லை வெளிச்சம் மோசமா என்று ஜன்னலோரம் இழுத்துவைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவளும் பீடி சுற்றுகிறவள்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, பதினோரு வயதில் மடியில் ஏற்றிய தட்டு, கல்யாணத்துக்கு மூன்று நாளும் பிரசவத்துக்குப் பதினைந்து நாளும் தவிர இறங்கினதில்லை. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, பீடியின் வாயை மடக்கிக் குத்துவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அந்தத் தெருவில் தட்டு இல்லாத மடியே கிடையாது என்பதால், இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர் ஒரு முறை வந்துவிட்டுப் போகிறவராக இல்லை. நயினார் எந்தெந்த நேரத்தில் பீடி பற்றவைப்பாரோ அந்தந்த நேரத்துக்கு வந்தார். காலை ஆறு பத்துக்குக் கொல்லையில் வந்தார், இட்லி தின்று கைகழுவும்போது வந்தார், சாத்தன்கரையில் பஸ்ஸை நிறுத்தினால் ஏறினார், மேலப்புளியடியில் ஆலமரத்தடியில் திருப்பி நிறுத்தினால் அங்கே ஒரு தடவை முதலிலிருந்து வந்தார், மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் வந்தார், யாராவது அண்ணாச்சியிடம் கோபமாகப் பேசினால் நேரம் தவறியும் வந்தார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தரம். பஸ்ஸில் இன்ஜின் பெட்டி மேல், டிரைவருக்குப் பக்கத்தில், அவருக்கென்று செய்துவைத்த இடம் மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

கண்டக்டர் கோயில்பிச்சைக்கு முதல் நாளே தலைவலி.

“அண்ணாச்சி, இந்த ஆளுக்கு டிக்கெட் போடணுமா வேண்டாமா?”

“அது ஆளு இல்லடே. என் ஆசை.”

“ஆசைக்கு டிக்கெட் கெடையாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? செக்கிங் ஏறுனா எனக்குல்லா வேட்டு.”

“ஏ கோயில்பிச்சை,” என்றாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த செல்லக்கிளி. “இத்தன வருசமா டிரைவருக்குள்ள ஒக்காந்து ஓசியிலதான வந்தாரு? அப்பம் கேட்டியா நீ?”

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் வேண்டாம், ஆனால் ஜன்னலோரம் கேட்கக் கூடாது என்று முடிவானது. ஒரு வாரத்துக்குள் ஊர் அவரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. மேலப்புளியடிச் சத்துணவு ஆயா, வந்தவர் ஆலமரத்தடியில் இறங்கினால் மணி பதினொன்று என்று உலை வைத்தாள். காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், “வரும்போது அவுகளையும் கூட்டிட்டு வந்திருங்க அண்ணாச்சி” என்றார்கள். எதிர்வீட்டு மரியபுஷ்பம், தன் புருஷனிடமிருந்தும் அது இறங்கட்டும் என்று வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுவைத்துக் காத்திருந்தாள். அவள் புருஷன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இரண்டு கட்டுப் பீடியை ஊதித் தள்ளினான். மனிதர் விட்டால்தானே அது இறங்கும்.

எல்லோரையும்விட நன்றாகக் கவனித்தது பிரமசக்திதான். யாராக இருந்தாலும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார், நிற்கவைத்து அனுப்பினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? முதலில் வெறும் காப்பி. பிறகு காப்பியோடு முறுக்கு. பிறகு, மத்தியானம் வருகிற மனுஷனைப் பார்க்கவைத்துத் தாங்கள் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இலை போட்டு, அவியலும் அப்பளமும் வைத்து, “இன்னுங் கொஞ்சம் ரசம்” என்று கெஞ்சிப் பரிமாறினாள். வந்தவர் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். முதல் நாள் ஐந்து நிமிஷம் இருந்தவர் பத்து நிமிஷம் இருந்தார், பிறகு அரை மணி இருந்தார். சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்தது. மூன்றாவது வாரம் வரும்போது ஒரு மஞ்சள் பையில் துண்டும் சோப்பு டப்பாவும் கொண்டுவந்தார்.

இலை போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. சாப்பிட்டு முடித்துக் காற்றாட உட்கார்ந்திருந்தபோது, வந்தவர் கையை நீட்டி, பிரமசக்தியின் தட்டிலிருந்து அப்போதுதான் அவள் வாய் மடக்கி வைத்த பீடி ஒன்றை எடுத்து, நயினாரின் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. மதினி கையால சுத்துனது.”

பிரமசக்தி பாயசத்துக்கு டம்ளர் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பாதி பீடி முடிந்திருந்தது. நயினார் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வந்தவர் மட்டும் பாயசத்துக்குக் கையை நீட்டினார்.

புதன்கிழமை காலையில் விரலை அமுக்கினாள். ரத்தம் திரும்பவில்லை. எண்ணினாள், இருபது வரை எண்ணினாள், அதற்கு மேல் எண்ணப் பயந்து விட்டுவிட்டாள். நகத்தைச் சுற்றி நாவல்பழத்துக் கறுப்பு.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் ரத்தம் திரும்பாவிட்டால் விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லி, கடைசி அறையில் இருக்கிற ரெஜினா சிஸ்டரிடம் அனுப்பினார். பீடி, சிகரெட், பாக்கு எல்லாவற்றையும் விட வந்தவர்களுக்கு வழி சொல்கிற அறை அது. பிரமசக்தி ஒன்று விடாமல் சொன்னாள். சிஸ்டர் ஆச்சரியப்படவில்லை, ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

“விட்டா எல்லாருக்கும் எறங்கும்மா. செல பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். வந்தவுகளுக்கு என்ன குடுத்தீங்க?”

“காப்பி.”

“அப்புறம்?”

“முறுக்கு.”

“அப்புறம்?”

“எல போட்டு...” என்று இழுத்தாள் பிரமசக்தி.

சிஸ்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். “அவனுக்கு அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்கத் தெரியாதும்மா. எந்தத் திமிர் புடிச்ச ஆசையா இருந்தாலும் அஞ்சு நிமிசம், மிஞ்சிப்போனா பத்து. நின்னு பாப்பான், போயிருவான். நாற்காலி போட்டது நீங்க.”

அப்புறம் சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பியைக் கண்டால் அவன் ஓடி வருவான், அதனால் கொஞ்ச நாளைக்கு மோர் குடியுங்கள். எழுந்ததும் துவைக்கிற கல்லுப் பக்கம் போகவே போகாதீர்கள், முன்வாசல் வழியாக நடக்கப் போங்கள். அவன் வரும்போது கை சும்மா இருக்கக் கூடாது, கடலை உரியுங்கள், பஸ் கண்ணாடியைத் துடையுங்கள், ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். மெல்லுகிற மருந்து தருகிறேன், வாய்க்குள் ஓரமாக ஒதுக்கிவைத்து மெல்லுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லிவிடுங்கள். அவனோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், சண்டையும் போடாதீர்கள், சண்டை போட்டால் உட்கார்ந்துவிடுவான். அரைப் பீடி குடித்ததற்காக எல்லாம் போச்சு என்று உட்காராதீர்கள், இன்றைக்கு முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நயினார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிரமசக்திக்குத்தான் மனசு ஆறவில்லை.

“தண்ணி கூடவா குடுக்கப்படாது சிஸ்டர்?”

“தண்ணி ஒங்க வீட்டுக்காரரு குடிக்கட்டும்.”

ஒரு ஆளை வாசலில் நிற்கவைத்து ‘வாங்க’ என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிரமசக்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்தவர் நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்தார், நாற்காலி பரண் மேல் இருந்தது. அடுக்களையைப் பார்த்தார், அங்கே மோர் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நயினார் கடலை உரித்தார். ஐந்து நிமிஷத்தில் வந்தவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, “அப்பம் வாறேன் மதினி” என்று போனார். அவள் உள்ளே போய், பழக்கதோஷத்தில், பாவம் என்று அழுதாள்.

பஸ்ஸில் அத்தனை தயவு தாட்சண்யம் இல்லை. கோயில்பிச்சை விஷயத்தைச் சொன்னதும் செல்லக்கிளி தன் மீன் கூடையைத் தூக்கி இன்ஜின் பெட்டி மேல் வைத்தாள்.

“எடம் இல்லய்யா. வேணும்னா நின்னுட்டு வாரும்.”

வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் நகரவில்லை, யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேலப்புளியடியில் பஸ் நின்றால் நயினார் இறங்கிக் கண்ணாடி துடைத்தார், கூடவே நாலு பயணிகள் நாலு பக்கமும் துடைத்தார்கள். அந்த வட்டாரத்தில் அவ்வளவு பளிச்சென்று ஒரு மினி பஸ் அதற்கு முன்னால் ஓடினதில்லை. இருபத்திரண்டு தரம் வந்தவர் பதினைந்து தரம் வந்தார், பிறகு ஒன்பது, பிறகு படிக்கட்டில் தொற்றிக்கொண்டு பாதி வழியிலேயே இறங்கினார். சட்டை தொளதொளவென்று ஆனது.

ஆனாலும் விரலுக்கு ரத்தம் திரும்பவில்லை. மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை. வீட்டில் நயினாரின் கை சட்டைப் பையைத் தடவுவதும் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தில் ஐந்து நாள்தான் பாக்கி.

அன்று மூன்று மணிக்கு பிரமசக்தி தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நிழல் விழுந்தது. வந்தவர் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி பஸ்ல இருக்காவ. ஒங்களுக்கு இங்க என்ன இருப்பு?” என்று அவள் கேட்டாள். பேசக் கூடாது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“அங்க ஒருத்தரும் மொகம் குடுக்கல மதினி. இங்க இருந்தா ராத்திரி வரைக்கும் தாங்கும்.”

சொல்லிவிட்டு அவர் தட்டின் மேல் குனிந்து, தூளின் மணத்தை வயிறு நிறைய இழுத்தார். பிரமசக்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொளதொளத்த சட்டை நிறைந்தது, இரண்டாவது பொத்தான் இழுத்துப் பிடித்தது. அவள் தன் விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். முப்பத்தாறு வருஷமாக முகராத வாசனை, ஏனென்றால் அது எப்போதும் இருந்தது. சோறு பிசைந்த கையில், தலையணை உறையில், அவள் பிடித்து அமுக்குகிற புருஷன் விரலில். காப்பியை நிறுத்தினோம், நாற்காலியை ஏற்றினோம், பந்தியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தாள். ஒரு முழுப் பீடியைச் சுருட்டி முடித்தாள், பாதியில் விடத் தெரியாது. வாயை மடக்கிக் குத்தினாள். எழுந்தாள்.

மரியபுஷ்பம் வீட்டு நடையில் தட்டு, கத்தரி, இலை, தூள், நூல்கண்டு எல்லாவற்றையும் வைத்தாள்.

“என்னட்டி பிரமு, எங்கயாச்சும் ஊருக்கா?”

“இனிமே நான் சுத்தல. இத நீ முடிச்சுக் கடையில போட்டுரு.”

“கிறுக்கு புடிச்சிருக்கா? வேற என்ன தெரியும் நமக்கு?”

“மேலப்புளியடியில புளி ஒடைக்க ஆள் கேக்காவ. ஒடச்சுப் பாப்போம். புளி ஒடச்சா ஒருத்தர் வெரலும் போறதில்லல்லா.”

வீட்டைக் கழுவினாள், தலையணை உறையைத் துவைத்தாள், கையை எலுமிச்சம்பழத்தோலால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்கவைத்தாள். மறுநாள் மூன்று மணிக்கு வந்தவர் வந்து, வாசலில் நின்று மூக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். அன்றைக்கு ‘வாறேன்’ என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில் பிரமசக்தி விரலை அமுக்கிவிட்டு எண்ணத் தொடங்கினாள், ஏழு என்று சொல்வதற்குள் நகத்தடியில் ரத்தம் வந்து நின்றது. டாக்டர் ஐந்தாம் நாள் பார்த்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

வீடே சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பிரமசக்தி எரிந்து விழுந்தாள். தலை வலித்தது. புளியை உடைக்கச் சொன்னால் கொட்டையை நசுக்கினாள். பால் பொங்கினதற்கு நயினாரைத் திட்டினாள், பொங்காததற்கும் திட்டினாள். சும்மா உட்கார்ந்தால் இரண்டு கை விரல்களும் மடியில் இல்லாத இலையைச் சுருட்டின. கண் பட்டிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும், தனக்கும் ஏதோ பெரிய வியாதி வரப்போகிறது என்று கவலைப்பட்டாள்.

சனிக்கிழமை எட்டு இருபதுக்கு, வழக்கம்போல பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நயினார் இட்லி தின்ன வந்தார். தின்று, கைகழுவ வாசலுக்கு வந்தார். அங்கே ஒரு பெண்பிள்ளை நின்றாள். நாற்பத்தேழு வயது இருக்கும், பிரமசக்தி உயரம், சேலை மடியில் நூல் துணுக்குகள், பீடி வாயைக் குத்திக் குத்தி ஒரு பக்கமாகத் தேய்ந்த ஆள்காட்டி விரல் நகம்.

“மதினி இருக்காவளா அண்ணாச்சி?”

நயினார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “பிரமு, இங்க வா. ஒனக்கு ஆள் வந்திருக்கு” என்றார்.

பிரமசக்தி வந்தாள், பார்த்தாள். வாய் உலர்ந்தது. முப்பத்தாறு வருஷம் மடியில் இருந்ததுதான் இறங்கி எதிரே நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கால் கேட்கவில்லை, விறுவிறுவென்று உள்ளே போய், முக்காலியில் ஏறி, பரணிலிருந்து நீல நாற்காலியை இறக்கி, முந்தானையால் தூசியைத் துடைத்து, வாசலில் கொண்டுவந்து போட்டாள். “உக்காரு...” என்று வாய் தொடங்கிவிட்டது.

நயினார் தன் இடது காலைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தார். நாலு விரல். நாலும் ஒரே நிறம்.

“எடம் இல்லம்மா,” என்றார் வந்தவளிடம், மரியாதையாக. பிறகு பிரமசக்தியின் கை இரண்டையும் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், அந்த விரல்கள் அவர் உள்ளங்கையில் இலை சுருட்டின. “அஞ்சு நிமிசந்தாம்ட்டி. ஒண்ணும் குடுக்காத. பேசாத. நான் கூட நிக்கேன்.”

தெருமுனையில் ஹாரன் அடித்தது. “அண்ணாச்சி, டைம் ஆச்சு!” என்று கோயில்பிச்சை கத்தினான்.

“அஞ்சு நிமிசம் ஆகும்டே! வீட்டுக்கு ஆள் வந்திருக்கு!”

“ஆருக்கு? ஒங்களுக்கா?”

“இல்ல, ஒங்க மதினிக்கு!”

பஸ்ஸில் பாட்டு நின்றது, இன்ஜின் நின்றது, ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் வந்தன. “ஏ, ஒருத்தரும் எறங்கக் கூடாது, அசையக் கூடாது, நிக்கட்டும் அவ!” என்று செல்லக்கிளி சத்தம் போட்டு, மீன் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள். கோயில்பிச்சை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வாசலில் வந்தவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள், நாற்காலியைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த காலைப் பார்த்தாள், இடுப்பில் கையை வைத்தாள், எடுத்தாள். பிரமசக்தி சுவரைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை வந்தவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.